ஹோசுக்குள் ஒரு நாக்கு

சிறுபோக அறுவடை தொடங்கி நாலாம் நாள். முரசுமோட்டைப் பக்கம் ஒரு வெட்டு மெசின் நடு வயலில் படுத்துவிட்டது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, லீவரைத் தள்ளினால் மட்டும் மெசின் நகர மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் ஆற விட்டால் உயிர் வரும். நாலு சுற்று வெட்டும். திரும்பவும் படுத்துவிடும். மெசின்காரர் விடியற்காலையிலேயே போன் எடுத்தார்.

"அண்ணை, ஒயில் கூலரையும் புதுசா மாத்திப் போட்டன். ஹோசும் புதுசு. இன்னும் கொதிக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ."

ஹோசும் புதுசு என்று அவர் சொன்னதை நான் அப்போது காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

என்னோடு சித்தியின் மகனும் வந்தான். கனடாவில் இருக்கிறான், ஒகஸ்ட் லீவுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். மனைவி பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்தில் நிற்க, இவன் மட்டும் பரந்தனில் என் கராச்சிலேயே கிடந்தான். காரணம் இருக்கிறது. தன் வீட்டுக் கார் கராச்சுக்குள் இரண்டு பேர் ஏறக்கூடிய சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அங்கே அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. உடம்பும் செட்டையும் முடிந்துவிட்டன. எஞ்சினில் வந்து நிற்கிறான், அதிலும் ஒயில் கூலருக்குப் போகும் குழாய்களில். ஒரு வருடமாக இரவு இரவாக வாட்ஸப்பில் படம் அனுப்பி "அண்ணை, இந்த வளைவு காணுமோ?" என்று என் நித்திரையைக் கெடுத்தவன், இப்போது நேரே வந்து கெடுத்துக்கொண்டிருந்தான்.

முதல் தடவை அவன் "றோட்டரி எஞ்சின்" என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனில் தேடினேன். முதலாம் உலகப் போர்க்கால விமானங்கள் வந்தன. பங்காவோடு சேர்ந்து எஞ்சின் முழுவதுமே சுற்றுகிற வகை. அதற்கு ஒயில் கூலரே கிடையாது. ஆமணக்கெண்ணெயை உள்ளே விட்டு, வேலை முடிந்ததும் புகையோடு வெளியே வீசிவிடுவார்கள். ஆமணக்கெண்ணெய் பெற்றோலில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விமானியின் முகமெல்லாம் எண்ணெய்தான். நம் வாய்க்கால் கரையில் தானாக முளைத்து நிற்கிற ஆமணக்குக்கு இப்படி ஒரு சரித்திரமா என்று நினைத்துக்கொண்டே அவனுக்கு அனுப்பினேன். "அது இல்லை அண்ணை, இது வேற" என்று சிரித்தான்.

இவனுடையது ஜெர்மனியில் பெலிக்ஸ் வாங்கல் என்பவர் யோசித்த எஞ்சின். 1957இல் முதலாவது ஓடியது. 1967இல் மஸ்டா கொம்பனி தன் கொஸ்மோ காரில் இரண்டு றோட்டரோடு போட்டு விற்கத் தொடங்கியது. முறிகண்டியில் வாங்குகிற கச்சான் இருக்கிறதே, அதன் கோது மாதிரி இடுப்புச் சிறுத்த ஒரு கூடு. அதற்குள் மூன்று மூலை உள்ள றோட்டர் ஒன்று உருண்டு உருண்டு சுற்றும். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. தம்பியிடம் இருப்பது பழைய மஸ்டா காரிலிருந்து இறக்கிய 13பி, றோட்டர் ஒன்றுக்கு 654 சீசீ வீதம் இரண்டு.

இதில் ஒயிலுக்கு இரட்டை வேலை. றோட்டர் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கிற சாமான், அதன் வயிற்றுக்குள் தண்ணீரைக் கொண்டுபோக வழி இல்லை. நடுத்தண்டில் இருக்கிற சின்ன ஜெட் துவாரங்கள் வழியாக ஒயிலைத்தான் உள்ளே பீச்சுகிறார்கள். எஞ்சினிலிருந்து இறக்க வேண்டிய சூட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ஒயிலே சுமந்துகொண்டு போகிறது. அதுவும் எந்த வழியால்? பம்பிலிருந்து எஞ்சினுக்கு வெளியே வந்து, கூலருக்குள் போய், திரும்பி வந்து பில்டரைத் தாண்டி, அதற்குப் பிறகுதான் பேரிங்குகளுக்கு. கூலருக்குப் போகிற ஹோஸ் ஒன்று வெடித்தால் பம்ப் முழு ஒயிலையும் வெளியே கொட்டிவிடும். பேரிங்குக்கு ஒரு துளி போகாது. என் கராச்சுக்கு வருகிற மெசினில் அப்படி நடந்தால் வரம்போரம் நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுக்கலாம். அவனுக்கு வரம்பு எங்கே?

சரி, வயலுக்கு வருகிறேன்.

மெசினில் எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பம்ப் ஒயிலைத் தள்ளுகிறது, அந்த ஒயில்தான் சில்லையோ செயினையோ ஓட்டுகிறது. ஒயில் கொதித்தால் தண்ணீர் மாதிரி மெலிந்துவிடும், பம்புக்குள்ளேயே பின்பக்கமாக நழுவும், இழுவை போய்விடும். ஆற விட்டால் திரும்ப வருவதும் அதனால்தான். முதலில் நான் வழக்கம்போல் கூலரின் முகத்தைப் பார்த்தேன். பதரும் வைக்கோல் தூசும் கம்பளி மாதிரி ஒட்டியிருந்தன. கொம்பிரசரை வைத்துப் பின்பக்கமிருந்து ஊதி எடுத்தோம். முன்பக்கமிருந்து ஊதினால் தூசு இன்னும் உள்ளே இறுகிவிடும். ஊதி முடித்து ஓடிப் பார்த்தால் அதே கதை. நான் பம்பைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். பம்ப் என்றால் பெரிய காசு. மெசின்காரரின் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து வயல்காரர் வேறு வரம்பில் குந்தியிருந்து, தன் நெல் கொட்டுண்டு போகுது என்று புறுபுறுத்துக்கொண்டிருந்தார்.

தம்பிதான் கூலருக்குப் போகிற ஹோசை இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தான். "அண்ணை, இஞ்ச கை வைக்கேலாது. அங்க வெதுவெதுப்பாத்தான் இருக்கு."

முப்பது வருடம் இந்த வேலை செய்கிற எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒயில் ஒழுங்காக ஓடுகிற ஹோசின் இரண்டு நுனியிலும் சூடு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கழற்றி வாயால் ஊதினேன். கூலர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று தாராளமாகப் போனது. பம்ப் பக்கத்திலிருந்து ஊதினால் கன்னம் உப்பியதுதான் மிச்சம். ஹோசின் நுனியில் பூட்டுகிற இணைப்புத் துண்டுதான் பிற்றிங், அதற்கு நாலு விரல் தள்ளி வெட்டினோம், பிறகு நீளவாட்டில் பிளந்தோம். உள்ளே நாக்கு மாதிரி ஒரு றப்பர்த் துண்டு, பெருவிரல் நகம் அளவு, ஒரு பக்கம் ஒட்டியபடி மறு பக்கம் எழும்பி நின்றது. பிற்றிங்கை உள்ளே தள்ளும்போது அதன் விளிம்பு ஹோசின் உள்தோலைச் சீவிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு பக்கமிருந்து வந்தால் படுத்து வழிவிடும், மறு பக்கமிருந்து வந்தால் எழும்பி மறிக்கும். மறித்தால் ஒயில் பைபாஸ் வால்வைத் திறந்துகொண்டு கூலருக்குப் போகாமலே தொட்டிக்குத் திரும்பிவிடும். ஒழுக்கும் இல்லை, வெடிப்பும் இல்லை, வெளியே ஒரு அடையாளமும் இல்லை. புதுக் கூலர் சும்மா காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

ஹோசைச் செய்து கொடுத்த கடையை நான் குறை சொல்லப் போகவில்லை. அறுவடை நேரம் அங்கே வரிசை நிற்கும். அவசரத்தில் நானே இப்படி எத்தனை செய்து கொடுத்திருப்பேனோ.

தம்பி ஒன்றும் பேசாமல் அந்த நாக்கை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு ஹோசையும் அவனே இரும்பறுக்கிற வாளால் வெட்டி, தானே பிற்றிங் பூட்டியிருந்தான். கராச்சுக்குத் திரும்பும் வரை வாயே திறக்கவில்லை. கனடா போய் இறங்கி மூன்றாம் நாள் இரண்டையும் கழற்றிவிட்டான். நாக்கு இல்லை. ஆனால் வெள்ளைத் துணியை இழுத்தபோது வாள் விட்டுப்போன கறுப்புத் தூளும் கம்பி வலையின் சின்னச் சின்ன முள்ளும் வந்தன. றோட்டருக்குள் ஒயில் பீச்சுகிற ஜெட்டின் வாய் எவ்வளவு சின்னது என்று தெரிந்தவனுக்கு அன்று இரவு நித்திரை வராது. பில்டர் பிடித்துவிடும் என்று சொல்லலாம்தான். ஆனால் குளிரில் ஒயில் தடித்திருக்கும்போது பில்டருக்குள்ளும் ஒரு பைபாஸ் திறக்கும், அப்போது தூள் நேரே போய்விடும்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஹோஸ் செய்து முடித்ததும் டீசலால் கழுவி, இரண்டு பக்கமும் ஊதி, ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறு பக்கம் கண்ணை வைத்துப் பார்ப்பது. பிறகு பழைய பேரிங் ஒன்றை உடைத்து எடுத்த 12 மில்லிமீற்றர் குண்டை உள்ளே விட்டு, சரித்துப் பிடித்து, மறு பக்கம் விழுகிறதா என்று பார்ப்பது. அவனுடைய ஹோஸ் டாஷ் 10 என்ற அளவு. அந்த எண் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு, 10 என்றால் ஐந்தெட்டு அங்குலக் குழாய். ஹோசின் உள்வாய் 14 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். குண்டு தடக்கினால் ஹோஸ் குப்பைக்கு.

வளைவுகளைப் பற்றியும் ஒரு சொல். அவன் முதலில் அனுப்பிய படத்தில் இரண்டு ஹோசிலும் சேர்த்து ஆறு முழங்கைப் பிற்றிங். எல்லாம் சதுரமாக முறிந்து திரும்புகிறவை. வாய்க்கால் தண்ணீரை இப்படி ஆறு தரம் மூலைக்கு மூலை திருப்பினால் கடைமடைக்கு என்ன போகும்? ஹோசையே பெரிய வட்டமாக வளைத்துக் கொண்டுபோ, முடியாத இடத்தில் மட்டும் முழங்கை போடு, அதுவும் குழாயை வளைத்துச் செய்த வகையாகப் பார்த்துப் போடு என்று சொன்னேன். இரண்டாகக் குறைத்தான். கூலரின் இரண்டு வாயும் கீழே பார்த்தபடி பூட்டியிருந்தான், அதையும் திருப்பச் சொன்னேன். வாய் கீழே இருந்தால் மேலே காற்று தங்கிவிடும். தங்கிய இடத்தில் ஒயில் இல்லை, ஒயில் இல்லாத இடத்தில் கூலர் வெறும் தகரம்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம். நான் விசுவமடுவில் ஒரு கராச்சில் எடுபிடி. டீசல் இல்லை, பற்றரி இல்லை, ஹோஸ் என்ற சாமானைக் கண்ணால் காண முடியாது. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். பழுதான பிரிட்ஜில் கழற்றிய செப்புக் குழாய்தான் எங்களுக்கு ஒயில் லைன். வளைக்க இலேசு, ஒட்ட இலேசு. ஆனால் செம்புக்கு ஒரு குணம். நடுங்க நடுங்க இறுகும், இறுகினால் ஒரு நாள் நுனிக் கழுத்தில் மயிர் மாதிரி வெடிக்கும். என் வஸ்தாது அதற்கு இரண்டு வைத்தியம் வைத்திருந்தார். எஞ்சினிலிருந்து புறப்படும் இடத்தில் குழாயை இரண்டு சுற்றுச் சுருளாக விடுவார், நடுக்கத்தைச் சுருள் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு போகம் முடிந்ததும் குழாயைக் கழற்றி, அடுப்புக்கரியில் சிவக்கக் காய்ச்சி ஆற விடுவார், செம்பு திரும்ப இளகிவிடும். "குழாய்க்கும் ஒரு ஓய்வு வேணுமடா" என்பார்.

இதைத் தம்பிக்குச் சொன்னது வீண் போகவில்லை. விமானத்தில் எஞ்சின் றப்பர் மேல் ஆடுகிறது, கூலர் உடம்போடு இறுக்கிப் பூட்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அவன் ஹோசை நூல் பிடித்த மாதிரி நேராக இழுத்துப் பூட்டியிருந்தான், பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இப்போது ஒரு கை அளவு தொய்வு விட்டிருக்கிறான். பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்த இடங்களில் றப்பர் வைத்த கிளிப் போட்டான். டை காலப்போக்கில் ஹோசையே அறுத்துவிடும். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் போகும் துண்டுக்கு நெருப்புத் தாங்கும் உறை. வாங்கல் எஞ்சின் விடுகிற புகை சாதாரண எஞ்சினை விட நல்ல சூடு, அதற்கு எட்டத்தில் வைக்க முடியுமானால் உறையை நம்புவதை விட அதுதான் புத்தி.

நூல் டேப் விஷயத்தில் எங்களுக்குள் சின்னச் சண்டை. நான் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற வெள்ளை டேப்பை எல்லாவற்றுக்கும் சுற்றிப் பழகியவன். அவன் சொன்னான், கூம்பு வாய் உள்ள பிற்றிங்கில் இரும்போடு இரும்பு அமர்ந்துதான் அடைக்கிறது, மரை அடைப்பதில்லை, டேப்புக்கு அங்கே வேலையே இல்லை என்று. உண்மைதான். டேப்பின் ஒரு கிழிசல் போய் ஜெட்டில் உட்கார்ந்தால் றோட்டர் வெந்துவிடும். நான் தோற்றேன். ஆனால் ஒரு இடத்தில் நான் வென்றேன். அலுமினியக் கூலரில் ஹோசை இறுக்கும்போது அவன் ஒரே ஒரு ஸ்பானர்தான் பிடித்தான். அப்படி இறுக்கினால் கூலரின் கழுத்து முறுகும். இன்றைக்கு ஒன்றும் தெரியாது, இருபது மணித்தியாலம் ஓடிய பிறகு வெடிக்கும். கூலர் பக்க அறுகோணத்தை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் மற்றதால் இறுக்க வேண்டும். என் கராச்சில் இப்படிக் கழுத்து வெடித்த கூலர் ஏழெட்டு கிடக்கிறது, வந்து எண்ணிப் பார்த்தான்.

காற்றுக்கு வருவோம். அந்த வெட்டு மெசினில் ஹோஸ் மாற்றிய பிறகும் வெயில் ஏறியதும் சூடு கொஞ்சம் கூடத்தான் இருந்தது. கூலரைச் சுற்றி இருந்த பஞ்சுப் பட்டி உக்கி விழுந்திருந்தது. விரல் நுழைகிற இடைவெளி. காற்றுக்குக் கூலரின் தகடுகளுக்குள் நெருங்கிப் போகப் பைத்தியமா, பக்கத்து ஓட்டையால் சுகமாகப் போய்விடும். பழைய மெத்தைப் பஞ்சை வெட்டி அடைத்தோம். அன்று பின்னேரம் மெசின் நிற்கவே இல்லை, இருட்டும் வரை வெட்டியது. தம்பி இதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். விமானத்திலும் அதே பாடுதான். முன்னால் சின்ன வாய் வழியாக உள்ளே வருகிற காற்றை மெல்ல மெல்ல அகலும் கூண்டால் கூலரின் முழு முகத்துக்கும் பரப்ப வேண்டும், சுற்றிவர ஒரு ஓட்டை விடக்கூடாது. கூலரைப் பெரிதாக்கினால் எல்லாம் சரிவரும் என்று நினைத்து ஏற்கெனவே ஒரு கூலரை விற்று இன்னொன்று வாங்கியிருந்தான். அவசியமே இருந்திருக்காது என்று இப்போது சொல்கிறான்.

சூடு பார்க்கிற கேஜ் அவன் ஒன்றுதான் வைத்திருந்தான். இரண்டாக்கச் சொன்னேன், கூலருக்குள் போகும் இடத்தில் ஒன்று, வெளியே வரும் இடத்தில் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் கூலர் உழைக்கிறது. இல்லாவிட்டால் ஒன்று காற்று இல்லை, அல்லது ஒயில் வேறு வழியால் போகிறது. உள்ளே போவது கொதிக்க, வெளியே வருவது பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தால் வழியில் எங்கோ நாக்கு எழும்பி நிற்கிறது. முரசுமோட்டையில் என் கையிலும் இரண்டு கேஜ் இருந்திருந்தால் பம்பைச் சந்தேகித்திருக்க மாட்டேன்.

போன மாதம் எஞ்சினை விமானத்தில் வைத்து நிலத்தில் நாற்பது நிமிடம் ஓட்டினான். வீடியோ அனுப்பினான். கனடாக் குளிர், தெருவெல்லாம் பனி, எனக்கு ஒயில் பாணியாகி இறுகிவிடுமோ என்ற பயம். கூலரிலேயே ஒரு தேர்மோஸ்டாட் இருக்கிறது, குளிரில் ஒயிலைக் கூலரின் வயிற்றுக்குள் விடாமல் குறுக்கால் அனுப்பி, சூடேறிய பிறகுதான் வழியைத் திறக்கும். திறந்தது. கூலருக்குப் போவது 96 பாகை, திரும்பி வருவது 78.

எல்லாம் சரி, ஒரே ஒரு துளி. கூலரின் கீழ்ப் பிற்றிங்கின் அடியில், நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து, ஒரு துளி ஒயில். பிற்றிங்கை இன்னும் இறுக்கப் போகிறேன் என்றான். தொடாதே என்றேன். ஒயில் எங்கே தொங்குகிறதோ அங்கேதான் கசிகிறது என்று இல்லை, மேலே எங்கேயோ கசிந்து ஹோசோடு ஓடிவந்து தாழ்ந்த இடத்தில் சொட்டும். எல்லாவற்றையும் துடைத்துக் காய வைத்துவிட்டு, பிள்ளைகளின் முகப் பவுடரை எடுத்து ஹோஸ், பிற்றிங், கூலரின் ஓரத் தையல் எல்லாவற்றிலும் மெல்லிசாகத் தூவு, பத்து நிமிடம் ஓட்டி நிறுத்து, வெள்ளையில் எந்த இடம் முதலில் கறுக்கிறது என்று பார் என்றேன்.

பவுடர் வீட்டில் இல்லையாம். வாங்கி வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போன் எடுப்பான்.